சொல் கேட்காவிட்டால் டேசரா?

கேள்வி: அமெரிக்காவில் பொலிஸ் மறித்த காரிலிருந்து இறங்க மறுத்தவரை டேசரால் (மின்சாரம் பாய்ச்சும் துப்பாக்கி) சுடுகிற வீடியோ பார்த்தேன். சொன்னதைக் கேட்காவிட்டால் அப்படிச் செய்யலாமா? – வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: கூடாது. கத்தியோடு பாய்கிறவரை நிறுத்த, துப்பாக்கியை விட டேசர் மேல், சரி. ஆனால் அது வெறும் வலி இல்லை. கம்பி தொடுத்த இரண்டு முட்கள் உடம்பில் குத்தி, ஒரு தடவை விசையை அழுத்தினாலே சுமார் 5 செக்கன் தசையெல்லாம் இறுகி, கை ஊன்றக்கூட முடியாமல் ஆள் விழுவார். 2005இல் கலிபோர்னியாவில் சீட் பெல்ட் போடாததற்காக மறிக்கப்பட்ட இளைஞர், ஆயுதமில்லாமல் சுமார் 20 அடி தள்ளி நின்றவர், அப்படித்தான் தார் வீதியில் முகம் அடிபட விழுந்து 4 பற்கள் உடைந்தன. அது அளவுமீறிய பலம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, ஆனால் அப்போது சட்டம் தெளிவாக இருக்கவில்லை என்று பொலிஸ்காரருக்கு வழக்கிலிருந்து விலக்கும் கொடுத்தது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. 2016இல் வேறொரு மேன்முறையீட்டு நீதிமன்றம், டேசர் பாவிக்க எதிர்ப்பு மட்டும் போதாது, உடனடி ஆபத்து இருக்க வேண்டும் என்றது.

கேட்காதவர் எல்லாம் முரண்டு பிடிப்பவர் இல்லை. காது கேளாதவர், வலிப்பு வந்தவர், நம் பக்கம் என்றால் சிங்களத்தில் சொன்னது விளங்காதவர்! கல்முனை வீதியில் மறித்தால் நிறுத்துங்கள், லைசன்ஸைக் காட்டுங்கள். பொலிஸ் கை நீட்டி அடித்தால், சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை உங்கள் பக்கம். உடனே வைத்தியசாலையில் காயத்தைப் பதியுங்கள், 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்து மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள், உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும்.