‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று சொல்வதில் என்ன பிழை?

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “எல்லாரும் சொல்லுற சொல்தானே, அதில் என்ன பிழை?”

அந்தச் சொல் மனிதரின் மனதை விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஆணும் பெண்ணும் காதலித்தால் அவர்களை யாரும் ‘சேர்க்கையாளர்’ என்பதில்லையே! தன்பாலீர்ப்பாளர் என்பது ஈர்ப்பைச் சொல்கிறது. பலரும் அதையே விரும்புகிறார்கள்.

சட்டத்திலும் ஒரு சொல் போதுமாயிருந்தது. தன்பாலுறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முன்பு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் ‘ஆண்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆள்’ என்று பொதுவாக்கினார்கள். பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். தளர்த்த வேண்டிய சட்டத்தை விரித்தது பெரிய அநியாயம். அதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது.

அப்புறம், இது பாலீர்ப்போடு நிற்கும் விஷயமல்ல. புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்கும் மலையகப் பெடியனை ‘தோட்டக்காட்டான்’ என்று கூப்பிடுவது பெரும்பாலும் நாங்கள்தான், தமிழர்தான். பஸ்ஸில் திருநங்கை ஏறினால் ‘ஒன்பது’ என்று கிசுகிசுப்பதும் அதே வாய்தான்.

எதைச் சொல்வதென்று தெரியாவிட்டால், “உங்களை எப்படிச் சொல்ல?” என்று அவரிடமே கேளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே போதும் என்பார்கள், அனேகமாக.