ஸ்கேலிங் செய்தபின் பல் நீண்டு தெரிகிறதே, ஈறு தேய்ந்துவிட்டதா?

கேள்வி: எனக்கு 46 வயது. சர்க்கரை உண்டு. ஈறுகளில் ரத்தம் வருகிறது என்று பல் டாக்டரிடம் போனேன். ஆழமாக ஸ்கேலிங் செய்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து ஒரு தாள் கொடுத்தார். முன்பல் ஒன்றில் பி.டி. 6 ஆக இருந்தது, இப்போது 3. ரெசெஷன் 0, இப்போது 2. பி.ஓ.பி. 42 சதவீதத்திலிருந்து 14. நல்ல முன்னேற்றம் என்கிறார். ஆனால் ஈறு இறங்கி, பல் நீண்டு, நடுவே சந்து விழுந்திருக்கிறது. சுத்தம் செய்ததால்தான் இப்படி ஆனதா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஈறு தேயவில்லை, வீக்கம் வடிந்திருக்கிறது. கண்ணாடியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் உங்கள் கையில் இருக்கும் தாளில் இருக்கிறது.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே டாக்டர் மெல்ல விட்டுப் பார்த்த அளவுக் கம்பிக்கு ப்ரோப் என்று பெயர். ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்போம். ஈறின் விளிம்பிலிருந்து அடிவரை உள்ள ஆழம்தான் பி.டி. 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு. அதைத் தாண்டினால் 'பாக்கெட்' என்போம். பிரஷ் அங்கே எட்டாது.

ஆனால் இந்த அளவை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அளக்கத் தொடங்கும் விளிம்பே நகரக்கூடியது. ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டால், பல்லைத் தாங்கும் எலும்பு கொஞ்சமும் கரையாமலே 5 காட்டும். ஈறு இறங்கிவிட்டால், எலும்பு நிறையப் போன பல்லிலும் 2 காட்டும். அதனால் நகராத ஓர் இடம் வேண்டும். எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோடுதான் அது. அங்கிருந்து பாக்கெட்டின் அடிவரை உள்ள தூரம் சி.ஏ.எல்.; பல்லின் பிடிமானம் எவ்வளவு போயிருக்கிறது என்பதன் கணக்கு. ஈறு எவ்வளவு இறங்கியிருக்கிறதோ (தாளில் ரெசெஷன்) அதை பி.டி.யோடு கூட்டினால் வந்துவிடும்.

உங்கள் பல்லுக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு 6 + 0 = 6. இப்போது 3 + 2 = 5. பிடிமானம் குறையவில்லை. 1 மி.மீ. திரும்பக் கிடைத்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஒரே டாக்டர் இரண்டு முறை அளந்தாலே அவ்வளவு முன்பின் வரும். ஆனால் அந்தச் சந்து புதிதாக வந்த சேதம் இல்லை. முன்பே நடந்த சேதத்தை வீக்கம் மறைத்து வைத்திருந்தது.

ரத்தத்தையும் பிடிமானத்தையும் ஏன் தனித்தனியாக அளக்கிறோம் என்பதற்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். 1970இல் தொடங்கி 15 ஆண்டுகள், ஈறு நோய் ஆய்வாளர் ஹெரால்ட் லோவும் குழுவினரும் 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்தார்கள். பிரஷ் பழக்கம் அவர்களுக்கு இல்லை. ஏறக்குறைய எல்லோருடைய ஈறும் வீங்கியிருந்தது. ஆனால் 8 சதவீதத்தினருக்குப் பிடிமானம் வேகமாகப் போனது, 81 சதவீதத்தினருக்கு நிதானமாக. மீதி 11 சதவீதத்தினருக்கு நோய் ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. எத்தனையோ பேருடைய வாயைப் பார்த்த பிறகும் இந்தக் கணக்கு என்னை யோசிக்க வைக்கிறது. ஈறு பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே நடப்பது ஆளுக்கு ஆள் வேறு.

அப்புறம் பி.ஓ.பி. ப்ரோப் பட்டதும் எத்தனை இடத்தில் ரத்தம் கசிந்தது என்பது அது. 28 பல் இருந்தால் மொத்தம் 168 இடம். முன்பு சுமார் 71 இடத்தில் கசிந்தது, இப்போது 24. சிகிச்சை முடிந்தவருக்கு 10 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், 4 மி.மீ. ஆழமுள்ள இடம் எதுவும் கசியக் கூடாது, 5 எங்கேயும் இருக்கக் கூடாது. ஆக நீங்கள் பாதி வழி தாண்டிவிட்டீர்கள். (புகைப்பவர்களுக்கு ரத்தம் குறைவாகவே கசியும். அவர்கள் இந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.)

சர்க்கரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 அல்லது அதற்கு மேல் என்றால், வேகமாக முற்றக்கூடிய 'சி' கிரேடில்தான் உங்களை வைப்போம். சந்துகளுக்கு அளவான சின்ன பிரஷ் கேட்டு வாங்கி இரவில் கட்டாயம் போடுங்கள். பல் கூசினால் ஃபுளோரைடு பேஸ்ட், மென்மையான பிரஷ். அழுத்தித் தேய்க்க வேண்டாம். அடுத்த முறை போகும்போது கடைவாய்ப் பற்களின் ஆறு அளவையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பல் கண்ணில் படுகிறது, சரி. 5 அல்லது அதற்கு மேல் ஏதாவது மிச்சம் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.