கிரிவலம் சுற்றும் கால், இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஏன் வலிக்கிறது?

கேள்வி:

எனக்கு வயது 44, எடை 68 கிலோ. வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கிறோம். ஒரு வருடமாகத் தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவோடு கோட்டைப் பக்கம் நடக்கிறேன். பேசிக்கொண்டே முக்கால் மணி நேரத்தில் மூன்று கிலோமீட்டர். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலோடு சுற்றுவேன். மறுநாள் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். போன மாதம் செக்கப்பில் மூன்று மாத சராசரி சுகர் 6.1 என்று வந்தது. "நடக்கிறது காத்து வாங்குற மாதிரி, ஓடினாத்தான் உடம்புக்கு ஏறும்" என்று வீட்டுக்காரர் சொன்னார். மகனோடு தினமும் காலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தேன். இரண்டாவது வாரமே மூச்சு பழகிவிட்டது. மூன்றாவது வாரத்தில் இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரமாக வலி. 14 கிலோமீட்டர் நடக்கிற காலுக்கு இரண்டு கிலோமீட்டர் ஓட முடியாதா? பாலாற்று மணலில் ஓடினால் வலிக்காது என்கிறான் மகன். ஆம்பூரில் வாங்கிய தோல் ஷூதான் போடுகிறேன். நான் நடப்பதா, ஓடுவதா?

– வாசகி, வேலூர்

பதில்:

ஓட்டத்தை இரண்டு வாரத்துக்கு நிறுத்துங்கள், அம்மா. நடக்கும்போது வலி இல்லையென்றால் நடையை விட வேண்டாம். ஆனால் இப்போது நடக்கிற நடை உங்களுக்குப் போதாது. அதையும் மாற்ற வேண்டும்.

முதலில் வலியைப் பார்ப்போம். நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி எலும்பின் உள் ஓரத்தை ஆள்காட்டி விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால், அது எலும்பை ஒட்டிய சவ்வும் கெண்டைக்கால் தசை பிடித்திருக்கும் இடமும் புண்பட்டதால் வரும் வலி. புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது, ஓய்வில் அடங்கிவிடும். ஒரே புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலோ, அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு முறை குதித்தால் உயிர் போகிற மாதிரி இருந்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு நடக்கவும் கூடாது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, வலி மட்டும் போகவில்லை என்றால் மறுபடியும் போய்ச் சொல்லுங்கள்.

இனி கிரிவலக் கணக்கு. நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஒவ்வொரு அடியிலும் காலில் இறங்குவது உங்கள் எடையும் அதற்கு மேல் கொஞ்சமும்தான், ஏறக்குறைய 80 கிலோ. ஓடும்போது இரண்டு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்பும். பிறகு முழு உடம்பும் ஒற்றைக் காலில் வந்து விழும். அப்போது எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை, உங்களுக்கு 170 கிலோவை ஒட்டி. கிரிவலத்தில் இருபதாயிரம் அடி வைத்தாலும் ஒவ்வொன்றும் சின்ன அடி. இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் அடிதான், ஒவ்வொன்றும் பெரியது. ஒரு கம்பியை லேசாக ஆயிரம் தடவை வளைத்தாலும் அது தாங்கும், பலமாக மடக்கினால் பத்துத் தடவையில் உடைந்துவிடும். எலும்பும் அப்படித்தான், எத்தனை அடி என்பதைவிட எவ்வளவு பலமான அடி என்பதைத்தான் அதிகம் பார்க்கும்.

வலி மூன்றாவது வாரத்தில் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. மூச்சும் இதயமும் இரண்டே வாரத்தில் பழகத் தொடங்கிவிடும், எலும்பு பழக மாதக்கணக்காகும். புதுச் சுமை விழுந்ததும் எலும்பு பழைய பகுதியை முதலில் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புது ரோடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுரண்டிப்போட்ட சில வாரங்களில்தான் ரோடு மிகவும் பலவீனமாக இருக்கும். நீங்கள் அந்த நேரத்தில், இடையில் ஒருநாள் கூட விடாமல், தினமும் அதே ரோட்டில் லாரி ஓட்டியிருக்கிறீர்கள். "மூச்சு பழகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். மூச்சு சரி என்று சொன்னதும் தூரத்தைக் கூட்டிவிடுகிறார்கள், கால் வாய் திறக்க மூன்று வாரம் ஆகிறது.

வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. முக்கால் மணியில் மூன்று கிலோமீட்டர் என்றால் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம். உங்கள் எடைக்கு அதில் செலவாவது 150 கலோரி அளவு, அதிலும் மூன்றில் ஒரு பங்கு சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும். இரண்டு கிலோமீட்டரைக் கால் மணியில் ஓடினால் 140 கலோரி. அதாவது கால் மணி ஓட்டமும் முக்கால் மணி மெதுநடையும் கிட்டத்தட்ட ஒன்று. நேரம் இல்லாதவர்களுக்கு ஓட்டம் லாபம் என்பது உண்மை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது கொடுக்கிற உழைப்பை மெதுநடை கொடுக்காது.

ஆனால் இடையில் ஒரு நடை இருக்கிறது. அதே முக்கால் மணியில் நாலு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். 200 கலோரியைத் தொடும், காலுக்குக் கூடுதல் அடியும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு என்று இருக்கிறது. வேகநடை மிதமான உழைப்பில் சேரும். வாரத்துக்கு ஐந்து நாள் இப்படி நடந்தால் 225 நிமிடம் வந்துவிடும். ஓடாமலே உங்கள் கணக்கு நிறைந்துவிடுகிறது.

வேகம் சரியா என்று தெரிந்துகொள்ள வாட்ச் கூட வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அக்காவோடு ஊர்க்கதையெல்லாம் மூச்சுவிடாமல் பேச முடிகிறது என்றால் வேகம் போதாது, நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் சரி. இன்னொரு வழி, 15 விநாடிக்கு எத்தனை அடி என்று எண்ணுவது. 25 வந்தால் நிமிடத்துக்கு 100 அடி, அதுதான் குறைந்த அளவு. நீங்கள் 30-க்குப் பாருங்கள். வேகம் கூட்ட அடியை நீட்டாதீர்கள், கையை முழங்கையில் மடக்கி வேகமாக வீசுங்கள், கால் தானாகப் பின்தொடரும். நாடி பார்க்கத் தெரிந்தால், உங்கள் வயதுக்கு 15 விநாடியில் 28 முதல் 33 துடிப்பு என்பது மிதமான உழைப்பு. பிரஷருக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்த நாடிக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்குப் பேச்சுச் சோதனையே போதும்.

சுகர் 6.1 என்பது எல்லைக்கோடு. 5.7-லிருந்து 6.4 வரை அந்த நிலைதான், 6.5 ஆனால் சர்க்கரை நோய். இந்த இடத்தில் நடை எவ்வளவு செய்யும் என்பதற்கு நம் ஊர்ப்பக்கத்து ஆதாரமே இருக்கிறது. இதே எல்லைக்கோட்டு நிலையில் இருந்தவர்களை வைத்துச் சென்னையில் மூன்று வருடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. வழக்கமான கவனிப்பில் விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவைத் திருத்தி, தினமும் அரை மணி வேகநடையும் சொல்லிக்கொடுத்தவர்களில் 39 பேருக்கு. அவர்களை யாரும் மாரத்தான் ஓடச் சொல்லவில்லை.

சுகருக்கு நடை செய்யும் இன்னொரு உதவியை ஓட்டத்தால் செய்யவே முடியாது. இரவுச் சாப்பாடு முடித்த அரை மணிக்குள் 10, 15 நிமிடம் சாதாரணமாக நடங்கள், மாடியிலோ தெருவிலோ. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சோறோ சப்பாத்தியோ, சாப்பிட்ட ஒரு மணியில் ஏறும் உச்சம் அதனால் தணியும். சாப்பிட்ட வயிற்றோடு யாரும் ஓட முடியாது, நடக்க யாராலும் முடியும். இதைச் சாயங்கால நடையோடு கழித்துவிடாதீர்கள், இது தனி.

அப்படியானால் ஓட்டமே வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்வோம், கொஞ்சமாக. 44 வயதில் பெண்களுக்கு எலும்பு தேய்மானம் வாசலில் நிற்கிறது. சமதரை நடை எலும்பின் அடர்த்தியை அதிகம் கூட்டாது. அதற்கு அடி விழ வேண்டும், அல்லது பளு தூக்க வேண்டும். உங்களை நோகவைத்த அதே அடி, அளவாக விழுந்தால் மருந்து. ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. அளவாக ஓடுகிறவர்களுக்கு மற்றவர்களைவிட முட்டித் தேய்மானம் அதிகம் வருவதில்லை. முட்டியைக் கெடுப்பது திடீரென்று கூட்டுவதும், ஏற்கெனவே கெட்டுப்போன முட்டியோடு ஓடுவதும்தான்.

வலி முழுக்கப் போய், ஒரு மணி நேரம் வேகமாக நடந்தும் கால் பேசாமல் இருந்தால், இப்படித் தொடங்குங்கள். வாரத்துக்கு மூன்றே நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஐந்து நிமிடம் நடை, பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு முறை. முடிவில் ஐந்து நிமிடம் நடை. இரண்டு வாரம் இதுவேதான். பிறகு இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, இரண்டு வாரம். அதற்குப் பிறகு மூன்றுக்கு ஒன்று. மகனுடைய வேகத்துக்கு ஓடாதீர்கள், வேகநடையைவிட ஒரு துளி அதிகம் இருந்தால் போதும். அடி குட்டையாக, 15 விநாடிக்கு 40-ஐத் தாண்டி வர வேண்டும். காலை எட்டி முன்னால் வைக்கிறவர்களுக்குத்தான் முன் எலும்பு வலி அதிகம். முட்டி விறைப்பாக நிற்கும்போது குதிகால் இடிப்பதால் அதிர்ச்சி நேரே எலும்புக்குப் போகிறது. பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழட்டும், சத்தம் குறைவாகக் கேட்கட்டும். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது வலி இருந்தால், ஒரு வாரம் பின்னால் போங்கள்.

இந்த இரண்டு வார ஓய்வில் கெண்டைக்காலைப் பலப்படுத்துங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, இரண்டு எண்ணிக்கை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். முட்டி நேராக 15, முட்டியைச் சற்று மடக்கி 15, இப்படி மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள், வலிக்கிற இடத்தை ஒட்டிய ஆழத் தசைக்கு வேலை கொடுப்பது அதுதான். கையால் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும் 12 தடவை, மூன்று சுற்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலாற்று மணல் வேண்டாம். மணல் அதிர்ச்சியைக் குறைக்கும் என்பதில் மகன் சொல்வது சரி. ஆனால் நம் பாலாறு பெரும்பாலான மாதம் காய்ந்த, புதையும் மணல். குதிகால் உள்ளே இறங்கி, ஒவ்வொரு அடியையும் கெண்டைக்கால் இழுத்து எடுக்க வேண்டும். ஏற்கெனவே புண்பட்டிருப்பது அந்தத் தசைதான். இறுகிய மண் தரையே நல்லது, பள்ளி மைதானம் மாதிரி. தார் ரோடு ஓரம் வெளிப்பக்கம் சரிந்திருக்கும், எப்போதும் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் மட்டும் பள்ளத்தில் விழும். கோயிலை வலமாகத்தான் சுற்ற வேண்டும், மைதானத்தைப் பாதி நேரம் இடமாகவும் சுற்றலாம்.

ஓடாமலே மூச்சு வாங்க வேண்டுமானால் ஏற்றம் தேடுங்கள். சுற்றிலும் மலை இருக்கிற ஊர் உங்களுடையது. ரத்தினகிரி படியில் ஏறினால் ஓட்டத்துக்குச் சமமாக இதயம் துடிக்கும், காலில் இடி இல்லை. இறங்குவதுதான் முட்டிக்குப் பளு, அதனால் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்குங்கள்.

ஆம்பூர் ஷூ தோலில் நல்லதாகவே இருக்கும், நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு அது கனம், அடியில் மெத்தை குறைவு. ஓடுகிற ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி முழு அளவில் இருக்கும். எழுந்து நின்று பார்த்தால் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவைக் கையில் மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். 500 முதல் 800 கிலோமீட்டரில் உள் மெத்தை செத்துவிடும், மேலே புதிது போலவே இருக்கும்.

"மரமில்லாத மலை" என்று வேலூரைச் சொல்வார்கள். பகலெல்லாம் சூடேறிய பாறை இருட்டிய பிறகும் அனலை விடும். சித்திரை, வைகாசியில் சாயங்கால வேகநடையை விட்டுவிட்டு விடியற்காலை 5 மணிக்கு மாற்றுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை வேகத்தைக் குறையுங்கள். கிளம்புவதற்கு அரை மணி முன் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வேர்வை இருக்கும்போதே மயிர்க்கூச்செறிந்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தால் நடையோ ஓட்டமோ உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். விரல் சோதனையில் ஒற்றைப் புள்ளி வலி இல்லையென்றால் போகலாம். முதல் முறை மட்டும் பாதித் தூரத்தில் உட்கார்ந்து எலும்பை அழுத்திப் பாருங்கள். வலி ஏறியிருந்தால் அங்கேயே ஆட்டோ பிடித்துவிடுங்கள். ஓட்டம் தொடங்கிய பிறகு வரும் பௌர்ணமிகளில், முந்தின நாளும் மறுநாளும் ஓட வேண்டாம்.