இடிபட்ட திரையரங்கும் ஓர் அஞ்சலட்டையும்

வணக்கம் ஐயா,

எங்கள் ஊரின் பழைய திரையரங்கை இடித்துவிட்டார்கள். அங்கே திருமண மண்டபம் வரப்போகிறது. முகப்புச் செங்கல் ஒன்றையும், அப்பா சேர்த்து வைத்திருந்த நுழைவுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்தியிருக்கிறேன். ஓவியரான என் நண்பர், அரங்கை நினைவிலிருந்து வரைந்து அஞ்சலட்டையாக அச்சிடலாம் என்கிறார். கட்டடமே போன பிறகு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

அவசியம் செய்யுங்கள். எதை வரைவது என்பதைப் பற்றி மட்டும் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

சென்னையில் 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. அந்த இடத்தில் சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. முனையத்துக்கு மார்க்கெட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது, அருகிலேயே சிவப்புக் கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்றும் வைக்கப்பட்டது. அந்த மாதிரியில் வளைவுகள் உண்டு. பழைய புத்தகங்களைக் குவித்து வைத்துப் பேரம் பேசிய கடைக்காரர்களும், இசைத்தட்டுகளும், கூண்டுப் பறவைகளும் இல்லை. அங்கே புத்தகம் தேடி அலைந்தவர்கள் தம் அனுபவங்களைச் சொல்லியிராவிட்டால், இன்று அதைப் பார்க்கும் இளைஞருக்கு அது ஏதோ ஓர் அரண்மனையின் பொம்மையாகவே தோன்றும்.

ஆகவே, உங்கள் நண்பர் முகப்பை மட்டும் வரைந்து நிறுத்திவிட வேண்டாம். தரை டிக்கெட்டுக்கு ஒருவர் பின் ஒருவராகவே நுழைய முடிந்த அந்தக் குறுகலான வழி, பெண்கள் வரிசை, இடைவேளையில் முறுக்கும் சோடாவும் விற்ற இடம், ஆபரேட்டர் அறையின் சிறு சதுரத் துவாரங்கள் ஆகியவற்றையும் வரையட்டும். அவருக்கு நினைவில்லாததை, அங்கே படம் ஓட்டியவரிடமும் சீட்டுக் கிழித்தவரிடமும் கேட்டு, முதல் வரைவை அவர்களிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். வயதானவர்கள் ஆகையால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

செங்கல்லைக் கழுவிவிடாதீர்கள். அதில் ஒட்டியிருப்பது சுண்ணாம்புக் காரையா சிமெண்டா என்பது கட்டிய காலத்தைப் பற்றி ஏதேனும் சொல்லக்கூடும். சூளையின் முத்திரை எழுத்து பதிந்திருந்தால் இன்னும் நல்லது. எந்த ஊர், எந்த அரங்கு, எந்தச் சுவர், எடுத்த நாள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிச் செங்கல்லோடு சேர்த்து வையுங்கள். பெயரில்லாத செங்கல்லை உங்கள் பேரப்பிள்ளைகள் குப்பையில் போட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வீட்டாரின் கேள்விக்கு, உங்கள் பக்கத்து ஊர்க்காரரே பதிலாக இருக்கிறார். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும், பிறர் தூக்கியெறியும் துண்டறிக்கைகளும் அழைப்பிதழ்களும், இன்று சென்னையில் அவர் பெயரிலேயே இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளமாக இருக்கின்றன. அஞ்சலட்டையின் பின்புறத்தில் அரங்கு இருந்த தெருவையும், திறந்த ஆண்டையும் இடித்த ஆண்டையும் அச்சிட்டு, உங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கு ஒன்றும் அந்த நூலகத்துக்கு ஒன்றும் கொடுங்கள்.