ஃபேன் மேல் பழி போடாதீர்கள்

எழுபது வருட ஓட்டு வீடு, சமையலறையில் 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியும் தாளிக்கிற புகை போகவில்லை என்கிறீர்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் போடுகிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். எதிர்ப்பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள், புகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஃபேனை ஒட்டியிருக்கிற ஜன்னல் மட்டும் வேண்டாம், அந்தக் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

அப்புறம், உதிர்கிற சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசப் போகிறேன் என்றீர்கள், தயவுசெய்து வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். எங்கள் வீட்டில் கொத்தனார் பேச்சைக் கேட்டுப் பூசி, இரண்டே மழைக்காலத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. சுண்ணாம்பும் மணலுமே பூசுங்கள், அதற்கு முன்னால் ஓடு ஒழுகுகிறதா என்று பாருங்கள்.