'டிப்ளமோ' என்று சொல்லி ஐ.சி.யூ.விலிருந்து மாற்றினால்?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ) படித்தவள். புதிதாக வந்த, பி.எஸ்சி. நர்சிங் பட்டம் படித்த இன்சார்ஜ் (பொறுப்பு நர்ஸ்), காலையில் ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் எல்லார் முன்னாலும் "டிப்ளமோவுக்கு வென்டிலேட்டரைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். திருப்பிக் கேட்டேன், மெமோ வந்தது. அடுத்த வாரமே ஓ.பி.க்கு (வெளிநோயாளர் பிரிவு) மாற்றி, ஐ.சி.யூ. அலவன்ஸையும் நிறுத்திவிட்டார்கள். இன்சார்ஜ் பதவியும் சீனியரான எனக்கு வர வேண்டியது. வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த மெமோ. அதற்குப் பதில் கொடுக்கவில்லை என்றால், நீங்கள் தவறை ஒப்புக்கொண்டதாக நாளை சொல்வார்கள். இன்றே எழுதுங்கள். தேதி, ஷிப்ட், இன்சார்ஜ் சொன்ன அதே வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் யார் என்பது போதும். நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இன்சார்ஜ் பதவி விஷயத்தில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர மாட்டேன். பதவி உயர்வைப் பட்டதாரிகளுக்கு மட்டும் என்று வைப்பது செல்லும் என்று ஜம்மு காஷ்மீர் பொறியாளர்கள் வழக்கிலேயே (திரிலோகி நாத் கோசா) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அரசுப் பணி. தனியாரிடம் சம உரிமை கேட்டு வாதாடுவது இன்னும் கடினம்.

ஆனால் 'டிப்ளமோ' என்று உங்களை மட்டம் தட்டச் சட்டத்தில் இடமில்லை. ஜி.என்.எம். முடித்தவரும் பி.எஸ்சி. முடித்தவரும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்ற செவிலியர்தான். உங்கள் பதிவு புதுப்பித்த நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பலமான இடம் அலவன்ஸ். நோயாளியைக் கவனிப்பதே உங்கள் முதன்மை வேலை என்பதால் நீங்கள் சட்டப்படி தொழிலாளர். அலவன்ஸ் போன்ற படிகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். 'ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தால்தான் அலவன்ஸ்' என்று நிர்வாகம் வாதாடும். அதனால் நியமன ஆணையையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். எந்தத் துறைக்கும் மாற்றலாம் என்று ஆணையில் இருந்தால், இடமாற்றத்தை மட்டும் எதிர்ப்பது பலிக்காது. ஆனாலும் மெமோவுக்கு அடுத்த வாரமே வந்ததால், அது தண்டனையாகச் செய்த மாற்றம் என்று சொல்லலாம்.

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். எழுத்தில் மனு கொடுங்கள். 30 நாளில் அவர்கள் முடிக்க வேண்டும். தீராவிட்டால் அடுத்த 60 நாளுக்குள், நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கம் வழியாகச் சமரச அலுவலரிடம் போகலாம். சங்கத்தில் இல்லையென்றால் இப்போதே சேருங்கள். அறக்கட்டளை நடத்தும் தரும மருத்துவமனை என்றால் மட்டும் இந்த வழியில் சிக்கல் வரும். அப்போது நியமன ஆணையோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

அதுவரை கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஓ.பி. டியூட்டிக்கு 'எதிர்ப்புடன் ஏற்கிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தவறாமல் போங்கள். போகாவிட்டால் அதையே இன்னொரு குற்றச்சாட்டாக ஆக்கிவிடுவார்கள்.