குடிக்காதவர் டோக்கியோவில் தனியாக நைட்கிளப், மியூசிக் பார் சுற்றுவது வீண் வேலையா?

"அலுவலக வேலையாக டோக்கியோ போகிறேன். மாலை நேரம் முழுக்க எனக்குத்தான். குடிப்பழக்கம் இல்லை, கூட வர ஆளும் இல்லை. அங்கே நைட்கிளப், மியூசிக் பார் என்று சுற்றினால் வீண் செலவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வந்த பதிலே "குடிக்காதவருக்கு பாரில் என்ன வேலை?" என்கிற ரகம். அதற்கு விழுந்திருக்கும் ஆதரவு ஓட்டுகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நானும் குடிக்காதவள்தான். கொள்கை, விரதம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. அந்த வாடை எனக்கு ஆகாது, அவ்வளவுதான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரு ப்ராஜெக்ட்டுக்காக டோக்கியோவில் இருந்த காலத்தில் வார இறுதி இரவுகளை இப்படிப்பட்ட இடங்களில்தான் கழித்தேன். "ஒரு பொம்பளை ராத்திரி நேரத்தில் தனியாக..." என்று ஆரம்பிக்கப் போகிறவர்கள் தாராளமாக ஆரம்பிக்கலாம். என் வீட்டிலேயே கேட்டு முடித்துவிட்டார்கள், புதிதாக ஒன்றும் இருக்காது.

உங்களுக்கும் அனேகமாக ஷின்ஜுகு, ஷிபுயா பக்கம்தான் ஓட்டல் போடுவார்கள். பெட்டியைத் திறந்து வைத்தால் கட்டிலில் ஏறித்தான் குளியலறைக்குப் போக முடியும், அந்த மாதிரி அறை. அதில் உட்கார்ந்து மொபைலை நோண்டுவதற்கு வெளியே போவது எவ்வளவோ மேல். மற்ற ஊர்கள் எப்படியோ, குடிக்காமல் தனியாக வருகிறவருக்கு டோக்கியோ தோதான ஊர் என்பேன். காரணம், அங்கே இசை இருக்கும் இடங்களில் பெரும்பாலும் நீங்கள் உட்காரும் நாற்காலிக்குத் தனியாகக் காசு வாங்கிவிடுகிறார்கள். ஜாஸ் பாரில் மியூசிக் சார்ஜ், சின்ன பாரில் சேர் சார்ஜ், பேண்டுகள் வாசிக்கும் லைவ் ஹவுஸில் டிக்கெட் என்று பெயர்தான் வேறு. இதைச் சுற்றுலாப் பயணிகள் பலரும் கொள்ளை என்று திட்டுவார்கள். எனக்கு அது நிம்மதி. இடத்துக்கான காசைக் கொடுத்தாகிவிட்டது, அப்புறம் ஒரே ஒரு ஜிஞ்சர் ஏலோடு (மது இல்லாத இஞ்சி சோடாதான்) உட்கார்ந்தால் யாருக்கும் நான் கடன்பட்டவள் இல்லை.

ஷின்ஜுகுவில் படியிறங்கிப் போகும் ஒரு ஜாஸ் பார். கவுன்ட்டரில் ஏழெட்டு நாற்காலி, சுவரோடு ஒட்டிய பியானோ, அதன் பக்கத்தில் டபுள் பேஸோடு ஒருவர் நிற்க மட்டும் இடம். கடைக்காரர், அங்கே எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஒரு விரலைக் காட்டி ஒருவரா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியதும் பியானோவுக்கு மிக அருகில் இருந்த நாற்காலியைக் காட்டினார். பியானோ வாசித்தவர் நோட்டுத்தாளைத் திருப்பக் கை நீட்டும்போதெல்லாம் நான் கிளாஸை நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவரே கிளாஸை எடுத்து என் பக்கம் வைத்துவிட்டு, வாசிப்பை விடாமல் தொடர்ந்தார். பேஸ் கம்பியில் விரல் உரசும் சத்தம் அவ்வளவு கிட்டத்தில் கேட்டது; மைக், ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. இடைவேளை விட்டு இரண்டு சுற்று வாசித்தார்கள். "இன்னொன்று கொண்டுவரட்டுமா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பில்லை மாஸ்டர் கையால் எழுதிக் கொடுத்தார். மியூசிக் சார்ஜ் ஒரு வரி, ஜிஞ்சர் ஏல் ஒரு வரி, கீழே கூட்டல். டிப்ஸ் என்ற பழக்கமே அங்கே இல்லாததால் மீதிச் சில்லறை கடைசி யென் வரை கைக்கு வந்தது.

இதைச் சொல்லும்போது சம்பந்தமில்லாத ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது, சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. டீம் டின்னர். அங்கே 'நோமிஹோடாய்' என்று ஒன்று உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் குறித்த நேரம் முடியும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். எங்கள் டீமில் எப்போதும் அதுதான். நான் ஊலாங் டீயோடு ஓரமாக உட்கார்ந்திருப்பேன், மற்றவர்கள் கிளாஸ் கிளாஸாக உள்ளே தள்ளுவார்கள், கடைசியில் பில் சரிசமமாகத் தலைக்கு இவ்வளவு. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். அன்றிலிருந்து நான் 'கணக்குப் பார்க்கிறவள்' ஆகிவிட்டேன். என் காசில் குடிக்கிறவருக்கு மட்டும் பெருந்தன்மையானவர் என்ற பெயர், எனக்கு அல்பம் என்ற பெயர். சரி, விடுங்கள்.

லைவ் ஹவுஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் சரிப்பட்டு வரும். நூறு இருநூறு பேர் நிற்கக்கூடிய நிலவறை மாதிரியான கூடங்கள். ஷிமோகிடாசாவா, கோஎன்ஜி பக்கம் நிறைய உண்டு. பெரும்பாலும் ஆறரை ஏழுக்கு ஆரம்பித்து, ஒன்பதரை பத்துக்குள் முடித்துவிடுவார்கள். டிக்கெட்டோடு கட்டாயமாக ஒரு டிரிங்க் காசும் வாங்குவார்கள், 600 யென் சுமார். காரணம், இந்தக் கூடங்களில் பலவும் உணவுக்கடை உரிமத்தில்தான் நடக்கின்றன. அந்த டிரிங்க் ஆரஞ்சு ஜூஸாக இருந்தாலும் அதே விலைதான்.

வாசலில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இன்று எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள்?" என்னைக் கேட்டபோது, சுவரில் ஒட்டியிருந்த நான்கு பெயர்களில் ஒன்றைச் சொன்னேன். அந்தப் பெண் ஒரு தாளில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். நாம் நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஐந்தாவதை இழுப்போமே, அவர்கள் அதற்குப் பதில் ஐந்து கோடுகளால் ஆன ஒரு எழுத்தைக் கோடு கோடாக எழுதி முடிக்கிறார்கள். மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அந்தக் கோட்டில் காசு இருக்கிறது. வளர்ந்து வரும் பேண்டுகளுக்குப் பல கூடங்களில் 'நோருமா' என்ற ஒதுக்கீடு உண்டு. இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும், குறைந்தால் அந்தப் பணத்தை பேண்டே கையிலிருந்து கட்ட வேண்டும். மேடையில் கத்திப் பாடும் பையன்கள் பகலில் எங்காவது பகுதிநேர வேலை பார்த்து இதைக் கட்டுகிறவர்கள். அதனால் போகும் முன் நான்கு பேண்டின் பாட்டையும் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, பிடித்த பெயரைச் சொல்லுங்கள்.

இன்னும் பழைய ரசனை இருந்தால் ஷின்ஜுகு பிட் இன் என்ற ஜாஸ் கிளப். 1965இலிருந்து நடக்கிறது. நாற்காலிகள் மேடையைப் பார்த்து வரிசையாகப் போட்டிருக்கும், டிக்கெட்டில் ஒரு டிரிங்க் அடக்கம். மதியக் கச்சேரியும் உண்டு, கட்டணம் குறைவு. அவோயாமாவில் இருக்கும் புளூ நோட் டோக்கியோ பெரிய பெயர்தான், காசும் பெரியது. உயிரை விடும் அளவுக்குப் பிடித்த கலைஞர் வந்தால் ஒழிய நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஷிபுயாவில் 1926இல் தொடங்கிய லயன் என்ற இசைக் காபிக்கடை இருக்கிறது. போரில் எரிந்து, மறுபடி கட்டியது. ஆள் உயரத்தைத் தாண்டிய ஸ்பீக்கர்களைப் பார்த்தபடி எல்லோரும் ஒரே திசையில் உட்கார்ந்து கிளாசிக்கல் இசைத்தட்டு கேட்பார்கள். பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. "அது பாரே இல்லையே, கேள்விக்குச் சம்பந்தமில்லை" என்று யாராவது வருவீர்கள். இல்லைதான். போய்ப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

ஷின்ஜுகுவின் கோல்டன் காய் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். குறுகலான சந்துகளில் சுமார் 200 குட்டி பார்கள். வாசலில் சேர் சார்ஜ் எவ்வளவு என்று எழுதியிருக்கும், படித்துவிட்டு ஏறுங்கள். வாடிக்கையாளருக்கு மட்டும் என்று இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2020 ஏப்ரலில் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்தாலும் பழைய சின்னக் கடைகளுக்கு விலக்கு இருக்கிறது, அதனால் துணியெல்லாம் நாறும்.

இனி நைட்கிளப். நள்ளிரவுக்கு மேல் வாடிக்கையாளரை ஆடவிடுவது ஜப்பானில் வெகுகாலம் சட்டவிரோதம் என்றால் நம்புவீர்களா? 1948இல் போட்ட சட்டம். 2015இல் திருத்தி, 2016 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் உள்ளே வெளிச்சம் 10 லக்ஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஷிபுயாவின் வூம்ப் மாதிரி கிளப்புகளில் நுழைய வயது இருபது ஆகியிருக்க வேண்டும். பாஸ்போர்ட் அசல் கேட்பார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது வெளிநாட்டுப் பயணிகளுக்கு எப்படியும் சட்டப்படி கட்டாயம். பையை காயின் லாக்கரில் பூட்டிவிடலாம். பன்னிரண்டு மணிக்குப் போனால் காலியாக இருக்கும், ஒரு மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும். எனக்குப் பிடித்தது, ஆடுகிறவர்களில் பலர் டிஜேவைப் பார்த்தபடி அவரவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. தனியாக வந்தவள் என்று யாரும் முறைக்கவில்லை. எல்லா கிளப்பும் இப்படித்தான் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன், ரொப்பொங்கி வட்டாரத்தில் ஒரே இரவில் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஷின்ஜுகுவின் கபுகிச்சோவிலும் ரொப்பொங்கியிலும் தெருவில் நின்று "வாங்க, நல்ல பார், மலிவு" என்று கூப்பிடுகிறவன் பின்னால் மட்டும் போகாதீர்கள். தலை சுற்றும் பில், பானத்தில் மயக்க மருந்து என்று இரண்டுக்கும் பெயர் போன இடங்கள். கபுகிச்சோவில் இதைப் பற்றி ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள், அந்த ஒலிபெருக்கிக்குக் கீழேயே ஆள் பிடிக்கிறவனும் நிற்பான். ஜூஸ் குடிக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம், மருந்துக்கு எந்த கிளாஸும் ஒன்றுதான். கிளாஸை விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போனால் திரும்பி வந்து அதைத் தொடாதீர்கள்.

கடைசி ரயிலைப் பார்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நள்ளிரவை ஒட்டி ஒவ்வொரு பாதையாக நின்றுவிடும், மறுபடி ஓட ஆரம்பிப்பது நாலரை ஐந்து மணிக்கு. டாக்ஸியில் இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை இருபது சதவீதம் கூடுதல். அதனால் ஒன்று, லைவ் ஹவுஸ் முடிந்ததும் பத்தரைக்கு ரயில் ஏறிவிடுங்கள். இல்லை, கிளப் என்றால் முதல் ரயில் வரை என்று முடிவு செய்து மதியமே தூங்கிவிடுங்கள். நடுவில் இரண்டு மணிக்குக் களைத்துப் போனால் கரோகே கடைகளில் இரவு முழுக்க அறை கிடைக்கும், ஊலாங் டீயும் கிடைக்கும்.